பல் வைத்தியர் பயமும் அறிதுயிலும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இத்தகைய மேடையில் கல்வியைப் பற்றிப் பேசலாம். ஒற்றுமையைப் பற்றிப் பேசலாம். நம் முன்னோர் இம்மலைகளில் பட்ட பாட்டைப் பற்றிப் பேசலாம். எல்லாம் பேச வேண்டியவைதாம். ஆனால் வயதிற் சிறியவர்களாகிய நாங்கள் இன்று எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பல் வைத்தியரை நினைத்தவுடன் நமக்கு உண்டாகும் பயத்தைப் பற்றியும், அந்தப் பயத்தை நமக்கு நாமே பழகும் அறிதுயிலால் எவ்வாறு அடக்கலாம் என்பதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். கேட்டவுடன் சிலர் முகத்தில் சிரிப்பு மலர்வதைக் காண்கிறோம். நல்லது. வாயைத் திறந்து சிரிக்க முடிந்தவர்கள் பாக்கியவான்கள். சொத்தைப் பல்லை மறைக்க உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

நம்மவர் கோழைகள் அல்லர். அட்டை கடிக்கும், குளவி கொட்டும் என்று தெரிந்தும் நம் தாய்மார் விடியுமுன் எழுந்து கொழுந்துக் கூடையுடன் மலை ஏறுகிறார்கள். மழை வழுக்கும் சரிவில், முதுகில் பாரத்துடன், தடுமாறாமல் இறங்குகிறார்கள். சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் பிறந்த நம் பிள்ளைகள் நள்ளிரவுக் குளிரில் ஆயிரக்கணக்கான படிகளைச் சளைக்காமல் ஏறுகிறார்கள். இத்தனை துணிவுள்ள மக்கள், பல் வைத்தியரின் நாற்காலி என்றவுடன் பின்வாங்குவதேன்?

பல் வலி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் உப்பு நீரால் கொப்பளிக்கிறோம். அடுத்து ஒரு கிராம்பைக் கடித்து வைக்கிறோம். பிறகு பெனடோல் மாத்திரை. வலி தணிந்தால், “சுகமாகிவிட்டது” என்று சொல்லிக்கொள்கிறோம். சில வாரங்களில் வலி திரும்பி வருகிறது, கன்னம் வீங்குகிறது, இரவெல்லாம் தூக்கமில்லை, பிரட்டுக்குப் போக முடியவில்லை, ஒரு நாள் பேர் போய்விடுகிறது. கடைசியில் வேறு வழியின்றி வைத்தியரிடம் போகும்போது, ஆரம்பத்தில் அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. பல்லின் வேரடியில் சீழ் கட்டிய பின், அவ்விடத்துத் திசுக்களில் அமிலத் தன்மை மிகுகிறது. அந்த நிலையில், மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்து வழக்கம்போல் நன்றாக வேலை செய்வதில்லை. ஆகவே வேளையோடு போனவனுக்கு அநேகமாக வலி தெரிவதில்லை. வலிக்கும் என்று அஞ்சி நாள் கடத்தியவனுக்கே வலிக்கிறது. அவன் வீட்டுக்கு வந்து, “நான் சொன்னேனே, உயிர் போய்விட்டது” என்று லயத்தில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்கிறான். அதைக் கேட்ட பத்துப் பேர் தாங்களும் நாள் கடத்துகிறார்கள். பயம் இவ்வாறு தனக்குத் தானே சாட்சி தேடிக்கொள்கிறது.

பல் போனால் போகட்டும், சொல் போனால்தான் குறை என்று சிலர் கூறலாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மெல்லும் பழக்கமே இதற்குப் பெருங்காரணம். குளிருக்கும் களைப்புக்கும் வெற்றிலை போடுவது நம் தோட்டங்களில் பழகிப்போன ஒன்று. புகையிலை இல்லாமல் போட்டால் குற்றமில்லை என்று நினைப்போரும் உளர். அதுவும் புற்றுநோயை உண்டாக்கும் என்றும், பாக்கே அதற்குக் காரணமாகிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அறிவித்திருக்கிறது.

இந்நோய் திடீரென்று வந்து விழுவதில்லை. பலருக்கு முன்னறிவித்தே வருகிறது. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த தழும்பு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், மிளகாய் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமை. இவற்றை வலி தோன்றுமுன் கண்டுபிடிக்கக்கூடியவர் யார்? நம் வாயைத் திறந்து விளக்கொளியில் பார்க்கும் பல் வைத்தியரே. அவரிடம் போக அஞ்சுகிறவர் பல்லை மட்டும் இழப்பதில்லை; உயிரைக் காக்கக்கூடிய ஒரு பார்வையையும் இழந்துவிடுகிறார். எனவேதான் இச்சிறு பொருளைப் பெரிய பொருளாக எண்ணி இங்கு கொண்டுவந்தோம்.

இனி, பயம் என்பது என்ன என்று பார்ப்போம். கிராம்பின் வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி அன்று வீட்டில் இறைச்சிக் கறி கொதிக்கும்போது அதே வாசனை வந்தால் நாவில் நீர் ஊறுகிறது. பல் சிகிச்சை அறையில் அதே வாசனை வந்தால் உள்ளங்கை வியர்க்கிறது. பல் வைத்தியர்கள் கிராம்பெண்ணெயிலுள்ள யூஜினால் என்ற பொருளை மருந்தாகப் பயன்படுத்துவதால் அந்த வாசனை அங்கே எழுகிறது. பொருள் ஒன்று, மூக்கும் ஒன்று. ஓரிடத்தில் ஆசை, மற்றோரிடத்தில் அச்சம். அப்படியானால் அச்சம் வாசனையில் இல்லை. வாசனையோடு மனம் முடிந்துவைத்த முடிச்சில் இருக்கிறது. மணியோசையோடு உணவைச் சேர்த்துப் பழக்கினால், பிறகு ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும் என்று ருஷ்ய அறிஞர் பாவ்லவ் காட்டியதும் இதுவே. மனம் போட்ட முடிச்சை மனமே அவிழ்க்கலாம் என்பதுதான் எங்கள் பேச்சின் சாரம்.

அந்த முடிச்சை யார் போட்டார்கள்? சில வேளை நமக்கே நேர்ந்த ஒரு வலி. பெரும்பாலும் பிறர் சொன்ன கதை. பாட்டன் காலத்துக் கதைகளில் உண்மை இல்லாமலில்லை. 1871 இல் அமெரிக்காவில் மொரிசன் என்பவர் உரிமம் பெற்ற பல் துளைக்கும் கருவி, தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்து ஓட்டப்பட்டது. அது மெதுவாகச் சுழன்று பல்லை அதிரச் செய்தது. மிக வேகமாகச் சுழலும் காற்றுவிசைக் கருவி 1957 இல்தான் விற்பனைக்கு வந்தது. மரத்துப்போகச் செய்யும் லிடோகேயின் மருந்து 1948 இல்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே பாட்டனார் பட்ட வலி மெய்; ஆனால் அவர் பட்ட வலிக்காக இன்றைய பேரன் நடுங்குவது வீண்.

மேல் வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பேச்சும் நம்மிடையே உலவுகிறது. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வைக்குரிய நரம்பு வேறு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை மங்குவதில்லை. முதுமையில் பல்லும் விழுகிறது, பார்வையும் குறைகிறது. ஒரே காலத்தில் நிகழ்வதால் ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாக்கிவிட்டோம்.

“சரி, பயப்படவேண்டாம் என்று தெரிந்துகொண்டோம், பயம் போய்விடுமா?” என்று கேட்பீர்கள். போகாது. அறிவு ஒரு பக்கம் சொல்ல, உடம்பு மறுபக்கம் நடுங்கும். உடம்புக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அந்த மொழிகளில் ஒன்றுதான் அறிதுயில். ஆங்கிலத்தில் ஹிப்னாடிசம் என்பர். மனோவசியம் என்றும் கூறுவர். ஆனால் அறிதுயில் என்ற பழந்தமிழ்ச் சொல்லே பொருத்தமானது. பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் நிலையை நம் முன்னோர் அறிதுயில் என்றனர்: துயில்வது போன்ற தோற்றம், உள்ளே விழிப்பு. மருத்துவர் கூறும் அறிதுயிலும் உறக்கமன்று. வெளிச் சத்தங்கள் விலகி நிற்க, மனம் ஓர் எண்ணத்தில் ஊன்றி நிற்கும் நிலை.

இதன் வரலாற்றில் நமது தெற்காசியாவுக்கும் பங்குண்டு. கோவாவில் 1756 இல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா, 1813 இல் பாரிஸ் நகரில் இதைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அக்காலத்தில், வசியம் செய்பவரின் உடலிலிருந்து ஏதோ ஒரு காந்த சக்தி பாய்கிறது என்று நம்பினார்கள். ஃபாரியா மறுத்தார். சக்தி செய்பவனிடம் இல்லை, செய்துகொள்பவனின் மனத்திலேயே இருக்கிறது என்றார். தமக்குத் தாமே செய்துகொள்ளும் அறிதுயிலுக்கு வித்து அந்த ஒரு கருத்தில் கிடந்தது. கோவாவின் தலைநகர் பணஜியில் இன்றும் அவருடைய சிலை நிற்கிறது.

அடுத்து வங்காளம். ஹூக்ளியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், 1845 ஏப்ரலில் கைதி ஒருவரை இம்முறையால் அயரச் செய்து அறுவை செய்தார். வலி மறக்கச் செய்யும் ஈதரோ குளோரோபோமோ அன்று அங்கே இல்லை. அடுத்த 8 மாதங்களில் வலியின்றிச் செய்தவை என்று அவர் தந்த பட்டியலில் 73 சிகிச்சைகள் இருந்தன. பெரிய கட்டிகளை அகற்றியது, கை துண்டித்தது முதலியவற்றோடு, பல் பிடுங்கியவை 3 என்றும் அதில் காணப்படுகிறது. 1846 இல் கல்கத்தாவில் அவருக்கென ஒரு சோதனை மருத்துவமனையும் அமைந்தது. பிறகு குளோரோபோம் வந்தது. நீண்ட நேரம் பிடிக்கும் இம்முறை பின்தங்கியது.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட், 1841 இல் ஒரு மேடைக் காட்சியைச் சந்தேகத்தோடு பார்க்கப் போய், பிறகு தாமே சோதனை செய்தார். ஒரு பொருளை உற்றுப் பார்த்து மனத்தை ஒன்றில் நிறுத்தினாலே அந்நிலை வருகிறது என்று கண்டார். 1843 இல் அவர் எழுதிய நூலால்தான் ஹிப்னாடிசம் என்ற சொல் பரவியது. 1844 இல் கடுமையான வாத வலியால் வருந்தியபோது, அவர் தம்மைத் தாமே அந்நிலைக்குக் கொண்டுசென்று வலியைத் தணித்துக்கொண்டார். பிற்காலத்தில் அவர் அப்பெயரை மாற்றி, ‘ஒரே எண்ணத்தில் நிற்றல்’ என்று பொருள்படும் வேறொரு சொல்லை வழங்க விரும்பினார். ஒருமுகப்பாடு என்று நம் பெரியோர் சொல்வதற்கு அது எவ்வளவு அருகில் இருக்கிறது!

நம் நாட்டிலும் இது அறியப்படாததன்று. கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பிற கல்லூரிகளிலும் ஆசிரியராயிருந்து, 1978 இல் கொழும்பில் காலமான ஆபிரகாம் கோவூர், மனக் கோளாறுகளால் வருந்திய பலருக்கு அறிதுயிலால் உதவினார். தெய்வம் பற்றிய அவருடைய கொள்கைகளோடு இம்மன்றத்தார் உடன்படமாட்டார்கள். ஆனால் பேய் பிடித்தது என்று பிறர் சொன்னதை அச்சம் பிடித்தது என்று கண்டு அதற்கு மருந்து தேடிய வகையில் அவரிடமும் கற்க இடமுண்டு.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். அறுவை சிகிச்சையில் வலியை நீக்கும் வழியை உலகுக்குத் திறந்தவர்களே பல் வைத்தியர்கள்தாம். அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ், 1844 டிசம்பரில் நைட்ரஸ் ஒக்சைட் வாயுவைத் தாமே சுவாசித்து, தம் பல்லையே பிடுங்கச் செய்து சோதித்தார். மோர்ட்டன் என்ற மற்றொரு பல் வைத்தியர் 1846 அக்டோபரில் பொஸ்டன் நகரில் ஈதரைப் பயன்படுத்திக் காட்டினார். பிற்காலத்தில் கனடா நாட்டுப் பல் வைத்தியர் விக்டர் ரௌஷ், மயக்க மருந்தின்றி, தன் அறிதுயிலால் மட்டுமே தம் பித்தப்பையை அகற்றும் அறுவையைத் தாங்கினார்; அதைப் பற்றி 1980 இல் கட்டுரையும் எழுதினார். வலியைக் கொடுப்பவர் என்று நாம் அஞ்சும் அதே தொழிலினர், வலியை ஒழிக்கத் தம் உடம்பையே பரிசோதனைக் களமாக்கினார்கள்.

ஆனால் ரௌஷ் செய்ததை நாம் செய்யப் புறப்படக் கூடாது. அது பல்லாண்டுப் பயிற்சி உள்ள அபூர்வமான ஒருவரின் செயல். வைத்தியர் போடும் ஊசி நமக்கு வேண்டும். அறிதுயில் அந்த ஊசிக்கு மாற்றன்று. ஊசி இருக்கும் இடம் வரை நம்மை நடத்திச் செல்லும் கைத்தடி. வீட்டிலிருந்தபடியே பல் வலியை மறக்க இதைப் பயன்படுத்துகிறவர், தீப்பற்றிய வீட்டில் மணியோசையை மட்டும் நிறுத்திவிட்டுத் தூங்குகிறவருக்கு ஒப்பாவார்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். செலவு எதுவும் இல்லை. நாளொன்றுக்கு இருமுறை, முறைக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம், இரண்டு மூன்று வாரம் போதும் தொடங்குவதற்கு. லயத்து வீட்டில் அமைதி ஏது என்று கேட்கலாம். பிள்ளைகள் உறங்கிய பின்னோ, விடியற்காலை அடுப்பு மூட்டுமுன்னோ நேரம் கிடைக்கும்.

முதலாவது, முதுகு சாய்ந்திருக்கும்படி உட்காருங்கள். சுவாமி விளக்கின் சுடரையோ, சுவரில் ஒரு புள்ளியையோ இமைக்காமல் சற்று நேரம் பாருங்கள். கண் களைத்ததும் தானே மூடட்டும்.

இரண்டாவது, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிடச் சற்று நீண்ட நேரம் வெளியே விடுங்கள். உள்ளே நான்கு எண்ணினால் வெளியே ஆறு எண்ணலாம். பல் வைத்தியரின் முன் வாய் திறந்திருக்கும். ஆகவே மூக்கால் மூச்சுவிடும் இப்பழக்கம் அங்கே நேரடியாக உதவும்.

மூன்றாவது, பாதம் முதல் தலை வரை ஒவ்வோர் உறுப்பாக நினைத்துத் தளர்த்துங்கள். சவாசனம் பழகியவர்களுக்கு இது புதிதன்று. தோளும் தாடையும் கையும் முக்கியம். அச்சம் அங்கேதான் குந்தியிருக்கும்.

நான்காவது, பத்திலிருந்து ஒன்று வரை இறங்குமுகமாக எண்ணுங்கள். சிவனொளிபாதமலையில் தரிசனம் முடித்து, வெயில் ஏறுமுன் படியிறங்கி வீடு திரும்புவதாக நினையுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு படி. ஒவ்வொரு படியிலும் உடம்பு இன்னும் இலகுவாகிறது.

ஐந்தாவது, அந்த அமைதியில் உங்களுக்கு நீங்களே ஓரிரு சிறு வாக்கியங்களைச் சொல்லிக்கொள்ளுங்கள். “பயப்படமாட்டேன், வலிக்காது” என்று சொல்லவேண்டாம். பயம், வலி என்ற சொற்களையே மனம் பற்றிக்கொள்ளும். “என் தாடை தளர்ந்திருக்கிறது. என் மூச்சு சீராக ஓடுகிறது. என் வாயைக் காக்க வந்த கை இது” என்பன போலச் சொல்லுங்கள். சொல்லும்போது வலக்கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மெல்லச் சேருங்கள். பலநாள் பழகிய பின், விரல்கள் சேர்ந்த மாத்திரத்தில் அமைதி நினைவுக்கு வரும். மணியோசைக்கு உமிழ்நீர் சுரந்ததே, அந்த விதியை இப்போது நம் நன்மைக்குத் திருப்பிக்கொள்கிறோம்.

ஆறாவது, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிக் கண்ணைத் திறந்து, கைகால்களை நீட்டி எழுந்திருங்கள். இதிலிருந்து மீளமுடியாமல் போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம். இடையே ஒருவர் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பதில் சொல்லலாம். சும்மா விட்டால் சாதாரண உறக்கமாக மாறும்.

நாங்கள் படித்த மிஷன் பாடசாலையில் காலை மணி அடித்ததும் எல்லோரும் இரண்டு நிமிடம் கண்மூடி அமைதியாயிருக்க வேண்டும். கோயிலில் நாம் கண்மூடி நிற்கிறோம். சமயம் எதுவாயினும், மனத்தை உள்ளே திருப்பும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தை ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பயன்படுத்துகிறோம், அவ்வளவே.

இப்பயிற்சி கைவந்த பின், படிப்படியாகப் பல் வைத்தியரை நெருங்க வேண்டும். முதன்முதல் மலையேறும் பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? “உச்சியைப் பார்க்காதே, அடுத்த படியைப் பார்” என்கிறோம். இங்கும் அதே உபதேசந்தான். அறிதுயிலில் இருந்தபடி முதலில் பஸ்ஸில் ஏறுவதை மட்டும் கற்பனை செய்யுங்கள். அதில் மனம் அமைதியாயிருந்தால் அடுத்த நாள் வைத்தியசாலை வாங்கில் காத்திருப்பது. அடுத்து அந்தக் கிராம்பு வாசனை. அடுத்து நாற்காலியில் சாய்வது. பிறகு கருவியின் ஓசை. எங்கே நெஞ்சு படபடக்கிறதோ அங்கே நின்று, விரல்களைச் சேர்த்து, மூச்சைச் சீராக்கி, மீண்டும் தொடருங்கள்.

கற்பனையில் கடந்ததைப் பின்னர் நேரிற் கடக்க வேண்டும். முதற் பயணத்தில் வாயைப் பார்க்கச் சொல்வது மட்டும் போதும். சிகிச்சை அடுத்த முறை ஆகட்டும். “ஐயா, எனக்குப் பயமாயிருக்கிறது” என்று, அல்லது “டாக்டரம்மா, எனக்குப் பயமாயிருக்கிறது” என்று வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இடக்கையை உயர்த்தினால் சற்று நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்டபின் நன்றாக மரத்துவிட்டதா என்று சோதித்துத் தொடங்கும்படி கேளுங்கள். நிறுத்தும் அதிகாரம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவனுக்குப் பாதிப் பயம் அப்போதே போய்விடும்.

உண்மையை மிகைப்படுத்துவது மாணவர்க்கு அழகன்று. பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1955 இலும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958 இலும் அறிதுயிலுக்கு மருத்துவத்தில் இடமுண்டு என்று ஏற்றன. ஆயினும், பல் சிகிச்சை பெறும் சிறுவர்களுக்கு அறிதுயில் எவ்வளவு உதவுகிறது என்று 2010 இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு தேடிப் பார்த்தபோது, தகுதியான ஆய்வுகள் 3 மட்டுமே கிடைத்தன; உறுதியான முடிவு சொல்ல அவை போதவில்லை. பல் வைத்தியர் பயத்துக்கு மிக நன்றாகச் சான்று பெற்றவை, அஞ்சியதைப் படிப்படியாக நெருங்கிப் பழகுவதும், தவறான எண்ணங்களைத் திருத்துவதுமே. அதனால்தான் அறிதுயிலைத் தனியே விடாமல், படிப்படியான பழக்கத்தோடு பிணைத்துச் சொன்னோம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. இரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்கி விழும் இயல்பு சிலருக்கு உண்டு. அவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென்று குறைவதால் மயக்கம் வருகிறது. அவர்கள் உடம்பைத் தளர்த்தினால் மயக்கம் அதிகமாகலாம். கை, கால், வயிற்றுத் தசைகளைச் சில விநாடி இறுக்கி, பிறகு சாதாரண நிலைக்குத் திரும்பி, மீண்டும் இறுக்கும் முறையை அவர்கள் பழகவேண்டும். சுவீடன் நாட்டு உளவியலறிஞர் ஓஸ்ட் 1980களில் இம்முறையை வகுத்துக் காட்டினார். கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் தம் வைத்தியரைக் கேளாமல் அறிதுயில் பழகலாகாது. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால், மூன்று வாரப் பயிற்சிக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

பெரியோர்களே, தாய்மார்களே! உங்களிடம் ஒரு விண்ணப்பம். “அழுதால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்” என்று பிள்ளைகளை மிரட்டாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் முப்பது வருடம் உயிரோடிருக்கும். நீங்கள் பல் வைத்தியரிடம் போகும்போது, வலியில்லாத ஒரு நாளில், பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பாட்டி நாற்காலியில் சாய்ந்து, வாயைக் காட்டி, எழுந்து, சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்த பேத்திக்கு எந்த அறிதுயிலும் தேவைப்படாது. வெற்றிலைப் பையைக் கைவிடுவது எளிதன்று என்று அறிவோம். விடமுடியாதவர்கள், விடும் வரையிலாவது, ஆண்டுக்கொரு முறையேனும் வாயைக் காட்டி வாருங்கள்.

இளைஞர் மன்றத்து நண்பர்களே! நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் பல் சிகிச்சை இலவசம். இலவசமாகக் கிடைத்தும் போகாதிருப்பதற்குக் காரணம் பயம் மட்டுமல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பஸ் செலவு இருக்கிறது. வரிசையில் காத்திருக்க வேண்டும். அன்றைய பேர் போகிறது. மொழி தெரியாத தயக்கமும் இருக்கிறது. மூச்சுப் பயிற்சியால் பஸ் கட்டணம் குறையாது. ஆகவே மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, நாலைந்து பேராகச் சேர்ந்து போகலாம். நம்மில் ஒருவர் கூடச் சென்று எழுதிக் கொடுக்கவும், சிங்களத்தில் எடுத்துச் சொல்லவும், வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவும் முடியும். மன்ற மண்டபத்தில் வாரம் ஒரு மாலை கால்மணி நேரம், விரும்பியவர்கள் சேர்ந்து இப்பயிற்சியைச் செய்யலாம். மலையேறும் இரவில் தனியாக வந்தவரைக்கூட யாரோ ஒருவர் கைபிடித்து அடுத்த படிக்கு ஏற்றிவிடுகிறார் அல்லவா? அந்த வழக்கத்தை வைத்தியசாலைப் படிவரைக்கும் நீட்டுவோம்.

அச்சம் குற்றமன்று. அது உடம்பின் காவற்காரன். ஆனால் காவற்காரன் திருடனை விட்டுவிட்டு, மருந்து கொண்டுவருபவரை வாசலில் தடுத்தால், அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டியது வீட்டுக்காரரின் கடமை. அதட்டினால் அவன் கேட்கமாட்டான். பொறுமையாக, நாள்தோறும் சொன்னால் கேட்பான்.